பெங்களூரு மாடித்தோட்டத்துக்கு எந்தப் புத்தகங்கள் வாங்கலாம்?

கத்திரிப்பூ:

வணக்கம் நண்பர்களே. நாங்கள் இருப்பது பானஸ்வாடி பக்கம் ஒரு சின்னக் குடியிருப்பில். மொட்டை மாடியில் செடி வளர்க்கிற குடும்பங்கள் சேர்ந்து பேசியதில், குடியிருப்போர் சங்கம் 5,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. செடி, மரம், தோட்டம் பற்றிய புத்தகங்கள் வாங்கிக் கீழ்த்தளத்து அலமாரியில் வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பி வைக்கலாம் என்று ஏற்பாடு. தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

இணையத்தில் தேடினால் முதலில் வருவதெல்லாம் இங்கிலாந்து, அமெரிக்கப் புத்தகங்கள். படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலத்தான் இருக்கின்றன, ஆனால் "கடைசி உறைபனி முடிந்ததும் விதையுங்கள்" என்று போட்டிருந்தால் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிப் பயன்படுத்துவது? வீடியோக்கள் ஏராளம் இருக்கின்றன, எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் செடிக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு விஷயத்தைச் சட்டென்று புரட்டிப் பார்க்க வேண்டும் என்றால் புத்தகம்தான் வசதி.

படிக்கப் போகிறவர்கள் பலவிதம். குரோ பேக்கில், அதாவது மண் நிரப்பிய செடிப் பையில், காய்கறி போடுகிறவர்கள் அதிகம். என் அம்மா மாதிரி தமிழ் மட்டும் படிக்கிற மூன்று நாலு பேர் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் உண்டு, தெருவில் நிற்கிற மரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டால் எங்களில் பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை. நீங்கள் படித்து, வைத்திருந்து, திரும்பத் திரும்பப் புரட்டுகிற புத்தகங்களைச் சொல்லுங்கள்.

ஆலமரத்தடி:

நல்ல காரியம் தம்பி. புத்தகப் பெயர்களுக்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கடையில் நிற்கும்போது உதவும். தோட்டப் புத்தகம் எதை எடுத்தாலும் அது எந்த ஊரில் இருந்துகொண்டு எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். அட்டையில் "இந்தியா" என்று போட்டிருப்பதும் போதாது. டெல்லியில் குளிர்காலம் நடுங்க வைக்கும், மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். நாம் இருப்பதோ கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டரில், ஜனவரி ராத்திரி 15 டிகிரி, ஏப்ரல் மத்தியானம் 34 டிகிரி, அவ்வளவுதான். டெல்லிக்காரர் அக்டோபரில் அவசர அவசரமாக விதைக்கிற கேரட்டையும் பீன்ஸையும் நாம் வருஷத்தில் பல மாதங்கள் போடலாம். அவருடைய மாதக் கணக்கை அப்படியே பின்பற்றினால் நமக்குக் கிடைத்திருக்கிற நல்ல காலத்தில் பாதியை விட்டுவிடுவோம்.

இன்னொன்று வெயில். ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் தெற்குப் பார்த்த பால்கனிதான் உசத்தி என்று சொல்லும். அவர்கள் ஊரில் வருஷம் முழுக்கச் சூரியன் தெற்கே சாய்ந்தே போகிறது, அதனால் அவர்களுக்கு அது சரி. நாம் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே உச்சிவெயில் தலைக்குச் சற்று வடக்கே போய்விடும். தெற்கு பால்கனியில் டிசம்பரில் காய்த்துத் தள்ளிய தக்காளி ஜூனில் ஏன் நிழலில் நிற்கிறது என்று பல பேர் குழம்புவது இதனால்தான். தக்காளியின் மேல் குற்றம் இல்லை.

வெங்காயத்தை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம். வெங்காயம் கிழங்கு வைப்பது பகல் நீளத்தைப் பொறுத்தது. வடக்கு நாடுகளில் போடுகிற நெடும்பகல் ரகங்களுக்கு 14 மணி நேரப் பகல் வேண்டும். பெங்களூரில் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த விதை இங்கே தாளாகவே வளர்ந்துகொண்டிருக்கும், அடியில் ஒன்றும் திரளாது. புத்தகத்தைத் திறந்து வெங்காயப் பக்கத்துக்குப் போங்கள். குறும்பகல் ரகம், நெடும்பகல் ரகம் என்று பிரித்துச் சொல்லியிருந்தால் எழுதியவர் விஷயம் தெரிந்தவர். "வசந்தத்தில் விதைக்கவும்" என்று மட்டும் இருந்தால் படம் பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள்.

இப்போது பெயர்கள். இந்த ஊருக்கு என்று ஒரே ஒரு புத்தகம் சொல்லச் சொன்னால் கே. எஸ். கோபாலசாமி ஐயங்காரின் 'கம்ப்ளீட் கார்டனிங் இன் இந்தியா'தான் சொல்வேன். 1930-களில் இதே பெங்களூரில் வெளிவந்த புத்தகம், பிறகு பல பதிப்புகள் கண்டது. அலங்காரச் செடியிலிருந்து காய்கறி வரை ஒருவர் தன் கையால் செய்து பார்த்துச் சொல்கிற குரல் அதில் இருக்கிறது. இங்கிலாந்தில் இருக்கிற செடியை இங்கே எப்படியாவது வாழ வைப்பது என்ற கவலையே இல்லாமல் நம் மண், நம் மழை என்று பேசுகிறவர் அவர். புதிதாகக் கிடைக்காவிட்டால் பழைய புத்தகக் கடைகளில் சொல்லி வையுங்கள், வரும்போது கூப்பிடுவார்கள்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஃபர்மிங்கரின் தோட்டக் கையேடு. 1860-களில் வங்காளத்தில் இருந்த ஒரு பாதிரியார் எழுதியது. இந்தியத் தோட்டக்கலை என்றாலே எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். படிக்க அருமையாக இருக்கும், எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது வங்காளத்துக்கும் வட இந்தியாவுக்குமான கையேடு. உங்கள் 5,000 ரூபாயில் அதற்கு இடம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. பழைய தோட்டப் புத்தகம் எதுவானாலும் பூச்சிமருந்துப் பக்கங்களை மட்டும் பின்பற்ற வேண்டாம். அந்தக் காலத்தில் ஈய ஆர்சனேட், டிடிடி எல்லாம் சர்வசாதாரணமாக எழுதுவார்கள். பிள்ளைகளும் எடுத்துப் படிக்கிற அலமாரி என்பதால், அந்தப் பக்கங்களில் ஒரு சீட்டு ஒட்டி "இதைச் செய்யாதீர்கள்" என்று எழுதி வையுங்கள்.

முருங்கைக்கீரை:

அம்மாவுக்கு என்று கேட்டீர்கள் இல்லையா, அதற்கு நான் சொல்கிறேன்.

இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஐயாவின் 'உழவுக்கும் உண்டு வரலாறு' கண்டிப்பாக வாங்குங்கள். எத்தனை கிராம் உரம், எத்தனை நாளில் அறுவடை என்று சொல்கிற புத்தகம் இல்லை அது. மண்ணை ஏன் உயிருள்ளதாகப் பார்க்க வேண்டும், நாம் எதை விட்டுவிட்டு எதைப் பிடித்துக்கொண்டோம் என்று எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். கிராமத்தில் வளர்ந்த அம்மாக்களுக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும், ஆனால் தனக்குத் தெரிந்ததை ஒரு புத்தகம் மதித்துப் பேசுகிறது என்பதே அவர்களுக்கு ஒரு பலம். என் மாமியார் அதைப் படித்த பிறகுதான் மாடியில் என்ன செய்யலாம் என்று எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார், அதுவரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

அடுத்தது ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி', தமிழிலேயே கிடைக்கிறது. ஜப்பானில் நெல்லும் பார்லியும் நாரத்தை வகைப் பழங்களும் பயிரிட்டவர் எழுதியது, அதனால் குரோ பேக்குக்கு நேரடியாக எடுத்துப் போட முடியாது. மண்ணை மூடி வைக்க வேண்டும், வெறும் மண்ணாக வெயிலில் விடக் கூடாது என்ற ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டாலும் போதும். மாடியில் தொட்டி மண் எப்படிச் சுடும் என்று உங்களுக்குத் தெரியும். காய்ந்த இலையோ தென்னை நாரோ இரண்டு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டால் மார்ச், ஏப்ரலில் தண்ணீர் ஊற்றுகிற வேலை நன்றாகவே குறையும்.

அப்புறம் எனக்கு மிகவும் பிரியமான வகை, சங்க இலக்கியத் தாவரங்கள் பற்றிய புத்தகங்கள். பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்', கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' இரண்டுமே கனமான ஆராய்ச்சி, ஆனால் நடுவில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் படிக்கலாம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் வரிசையாக வருகின்றன, பள்ளியில் மனப்பாடம் செய்த பலருக்கு அவற்றில் பத்துப் பூவைக்கூட நேரில் அடையாளம் காட்டத் தெரியாது. பட்டியலின் தொடக்கத்தில் வருகிற காந்தளையே எடுத்துக்கொள்ளுங்கள். இலை நுனி சுருண்டு கம்பி மாதிரி பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும், பூவிதழ் அடியில் மஞ்சளாகவும் மேலே சிவப்பாகவும் நெருப்பு மாதிரி மேல்நோக்கி வளைந்து நிற்கும். அதை ஒரு தொட்டியில் வைத்துக்கொண்டு பாட்டைப் படித்துப் பாருங்கள். கிழங்கு கடும் விஷம் என்பதால் சின்னக் குழந்தைகள் கை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், அது முக்கியம்.

இந்த இரண்டையும் வாங்குவதற்கு முன் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், தமிழ்ப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க இந்த ஊரில் அதுபோல இடம் அதிகம் இல்லை.

மண்புழு:

எல்லோரும் நல்ல புத்தகங்களாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் குரோ பேக்கில் காய்கறி போடுகிறவருக்கு இவை எதுவும் நாளைக் காலையில் உதவாது என்பது என் கருத்து. அவருக்கு வேண்டியது இலவசமாகவே இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் ஒவ்வொரு காய்கறிக்கும் தமிழிலேயே பக்கங்கள் இருக்கின்றன, ரகம், இடைவெளி, பூச்சி, நோய் எல்லாம். கத்திரி, வெண்டை, தக்காளி, மிளகாய், அவரை, கீரை ஆகியவற்றுக்கு உரிய பக்கங்களை அச்செடுத்துச் சுருள் பைண்டிங் போட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள். அதுதான் அதிகம் அழுக்காகிக் கிழியப் போகிற புத்தகம், பாருங்கள். ஒன்று மட்டும் கவனம், அதில் உர அளவெல்லாம் ஏக்கர், ஹெக்டேர் கணக்கில் இருக்கும், தொட்டிக்கு அப்படியே எடுக்கக் கூடாது. இங்கே ஹெசரகட்டாவில் இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழகம் இரண்டுமே விவசாயிகளுக்குக் கையேடுகள் போடுகின்றன. ஜிகேவிகேயில் வருஷா வருஷம், பெரும்பாலும் நவம்பரில், கிருஷி மேளா என்ற விவசாயக் கண்காட்சி நடக்கும்போது போனால் கையேடு, விதை, நேரில் கேள்வி கேட்க ஆள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கன்னடம் படிக்கிற அண்டை வீட்டாருக்கும் அங்கே நிறைய இருக்கும்.

காசு கொடுத்து வாங்குவது என்றால் ஊருக்கு ஊர் மாறாத விஷயத்தைச் சொல்கிற புத்தகத்தை வாங்குங்கள் என்பேன். ஆலமரத்தடி ஐயா சொன்ன விதி விதைக்கும் மாதத்துக்கும் வெயிலுக்கும் சரி. ஆனால் வேர் எப்படித் தண்ணீரை இழுக்கிறது, நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை ஏன் வெடிக்கிறது என்பதெல்லாம் லண்டனிலும் லிங்கராஜபுரத்திலும் ஒன்றுதான். அதற்கு பிரையன் கேப்பனின் 'பாட்டனி ஃபார் கார்டனர்ஸ்' நல்ல புத்தகம். தாவரவியல் படிக்காதவர்களுக்கு என்றே எழுதியது, கோட்டுப் படங்கள் தெளிவாக இருக்கும். இதைப் படித்த பிறகு மற்ற புத்தகங்கள் சொல்வதில் எது நமக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று நீங்களே பிரித்துவிடலாம்.

மண்ணுக்கு லோவன்ஃபெல்ஸ், லூயிஸ் இருவரும் எழுதிய 'டீமிங் வித் மைக்ரோப்ஸ்'. லோவன்ஃபெல்ஸ் அலாஸ்காக்காரர், நமக்கும் அவருக்கும் தட்பவெப்பத்தில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் பாக்டீரியா, பூஞ்சை, நூற்புழு, மண்புழு எல்லாம் சேர்ந்து செடிக்கு எப்படிச் சாப்பாடு போடுகின்றன என்று அவர் சொல்கிற பகுதி பிரமாதம். காற்றேற்றிய உரத்தேநீர், அதாவது மக்கிய உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் காற்றுக் குமிழி விட்டு எடுக்கிற கரைசல் பற்றிப் புத்தகம் காட்டுகிற உற்சாகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள், அந்த அளவுக்கு அதற்கு ஆராய்ச்சி ஆதாரம் பலமாக இல்லை. நல்ல மண்புழு உரம் போதும்.

இந்த அடிப்படை ஏன் முக்கியம் என்பதற்கு மாவுப்பூச்சியைச் சொல்கிறேன். செம்பருத்தியில் இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடுக்கில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாக இருக்கும். எல்லோரும் உடனே வேப்பெண்ணெய் அடிப்பார்கள், லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்கால நேரம், அதெல்லாம் சரிதான். ஆனால் குனிந்து தண்டைப் பாருங்கள், எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். பூச்சி விடுகிற இனிப்புக் கசிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, அதைத் தின்ன வருகிற பொறிவண்டைக் கிட்டே விடாது. எறும்பு ஏறுகிற வழியை அடைக்காமல் எத்தனை தடவை மருந்து அடித்தாலும் திரும்ப வரும். பூச்சியின் படத்தைப் போட்டுப் பக்கத்தில் மருந்தின் பெயரை எழுதுகிற புத்தகம் நிறைய உண்டு. எறும்பைப் பற்றியும் சொல்கிற புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள்.

கத்திரிப்பூ:

அனைவருக்கும் மிகவும் நன்றி. வெங்காயப் பக்க யோசனையை இன்றே செய்து பார்த்தேன். எங்கள் வீட்டில் பரிசாக வந்த ஒரு பெரிய வெளிநாட்டுப் புத்தகத்தில் மார்ச் மாதம் விதைக்கவும் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தமிழ்நாடு வேளாண் பல்கலைப் பக்கங்களை அச்செடுத்து வைப்பது அருமையான யோசனை, அதில் காசும் மிச்சம். அம்மா நம்மாழ்வார் பெயரைப் பார்த்ததுமே அதை முதலில் வாங்கச் சொல்லிவிட்டார்.

மரங்களைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். பிள்ளைகளுக்கும் பிடிக்க வேண்டும், பெரியவர்களும் படிக்க வேண்டும்.

நாகலிங்கம்:

மரம் என்றால் நான் வந்துவிடுவேன்.

பெங்களூரில் இருந்துகொண்டு மரப் புத்தகம் இல்லாமல் இருப்பது பெரிய இழப்பு. இந்த ஊர்ச் சாலைகளில் ஒன்று பூத்து முடிக்கும்போது இன்னொன்று தொடங்குகிற மாதிரி மரங்களை வைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். 1908-ல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து லால்பாக் பூங்காவைக் கவனித்துக்கொண்ட ஜெர்மானியர் கிரும்பீகல் பெயரை இதற்குச் சொல்வார்கள். வருஷ ஆரம்பத்தில் ரோஜா நிற டபேபூயா, அடுத்து மஞ்சள் டபேபூயா, மார்ச் வாக்கில் ஜக்கராண்டா, ஏப்ரல் மே மாதங்களில் குல்மொஹர், மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது மரமல்லி. தெருவில் நடந்தால் மாதம் தெரியும். இதில் டபேபூயாவும் ஜக்கராண்டாவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை, குல்மொஹர் மடகாஸ்கர் மரம். என் பெயரில் இருக்கிற நாகலிங்க மரமும் தென்னமெரிக்காதான்! பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் உலக வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

உங்கள் அலமாரிக்கு முதல் தேர்வு ஹரிணி நாகேந்திரா, சீமா முண்டோலி எழுதிய 'சிட்டீஸ் அண்ட் கேனப்பீஸ்', 2019-ல் வந்தது. இருவரும் இங்கே பெங்களூரில் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். இந்திய நகரங்களில் மரங்கள் எப்படி வந்தன, யார் நட்டார்கள், யார் வெட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே புளி, வேம்பு, ஆல் என்று தனித்தனி மரங்களுக்கும் போகும். எளிய ஆங்கிலம், எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பிள்ளை தானாகவே படிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு நீங்கள் ஒரு அத்தியாயத்தை எடுத்துத் தமிழில் கதையாகச் சொல்லலாம்.

மரத்தை அடையாளம் காண்பதற்குப் பிரதீப் கிருஷணின் 'ட்ரீஸ் ஆஃப் டெல்லி', 2006. டெல்லிப் புத்தகம் எதற்கு என்று ஆலமரத்தடி ஐயா கேட்பார், நியாயம்தான். நம் சாலையில் நிற்கிற மரங்களில் கணிசமானவை அதிலும் இருக்கின்றன, அது ஒரு காரணம். பெரிய காரணம், அந்தப் புத்தகம் பார்க்கக் கற்றுக்கொடுக்கிற விதம். பூ இருந்தால்தான் மரத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று நினைக்கிறோம், ஆனால் பூ வருஷத்தில் சில வாரம்தான் இருக்கும். அது இலையிலிருந்து தொடங்குகிறது. தனி இலையா, கூட்டிலையா, கூட்டிலை என்றால் இறகு மாதிரி இரண்டு பக்கமும் பிரிகிறதா, உள்ளங்கையிலிருந்து விரல் விரிவது மாதிரி ஒரே இடத்திலிருந்து பிரிகிறதா. கீழே விழுந்து கிடக்கிற ஓர் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளை இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பக்கத்துக்கு வந்து சேர்வதைப் பார்க்க வேண்டுமே. இதைப் பழகிவிட்டால் புத்தகத்தில் இல்லாத மரத்தைக்கூடக் குறைந்தபட்சம் எந்தக் குடும்பம் என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். விலை கொஞ்சம் அதிகம், ஆனால் பெறும்.

கையில் காசு மிஞ்சவில்லை என்றால் நேஷனல் புக் டிரஸ்ட் 1960-களில் கொண்டுவந்த வரிசையைத் தேடுங்கள். சாந்தாபாவ் எழுதிய 'காமன் ட்ரீஸ்', ரந்தாவா எழுதிய 'ஃப்ளவரிங் ட்ரீஸ்', விஷ்ணு ஸ்வரூப்பின் 'கார்டன் ஃப்ளவர்ஸ்', சௌத்ரியின் 'வெஜிடபிள்ஸ்'. எல்லாம் சின்னப் புத்தகங்கள், மலிவு, எழுதியவர்கள் அத்தனை பேரும் அந்தத் துறையில் பெரிய ஆட்கள். சில பெயர்கள், தாவரவியல் பெயர்கள் உட்பட, இன்று மாறியிருக்கும். பக்க ஓரத்தில் பென்சிலால் புதுப் பெயரை எழுதிக்கொண்டால் ஆயிற்று.

வாங்குகிற இடம்: சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசம், புக்வார்ம் இரண்டிலும் செடி, இயற்கை பற்றிய புத்தகங்களுக்கு இடம் உண்டு, பழையதும் புதியதும் கலந்து கிடைக்கும். பிரிகேட் ரோட்டை ஒட்டி இருக்கிற செலக்ட் கடையில் பழைய அரிய பதிப்புகளைப் பற்றிக் கேட்கலாம், கோபாலசாமி ஐயங்கார் புத்தகத்துக்கு நான் முதலில் அங்கேதான் போவேன். பழைய புத்தகம் வாங்கும்போது வண்ணப்படத் தாள்கள் முழுசாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள், படத்தை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு விற்பது உண்டு. பைண்டிங் ஓரத்தில் பொடிப்பொடியாகத் துளை தெரிந்தால் எவ்வளவு நல்ல புத்தகமானாலும் விட்டுவிடுங்கள், அந்தப் பூச்சி அலமாரியில் இருக்கிற மற்றதையும் ஒரு மழைக்காலத்தில் முடித்துவிடும்.

ஆலமரத்தடி:

டெல்லி மரப் புத்தகத்துக்கு என் ஆட்சேபணை இல்லை நாகலிங்கம், இலையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் அது எந்த ஊர்ப் புத்தகமானாலும் சரிதான். கத்திரிப்பூ தம்பி, ஆகஸ்டில் லால்பாக் மலர்க்காட்சி வரும்போது பிள்ளைகளை அந்தப் புத்தகத்தோடு கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணாடி மாளிகைப் பக்கம் கூட்டம் தாங்காது, அங்கே புத்தகம் விரிக்க முடியாது. காலையில் சீக்கிரம் போய் முதலில் மரங்களைப் பார்த்துவிட்டு, பிறகு பூக்களுக்குப் போங்கள். அங்கே பல மரங்களில் பெயர்ப்பலகை இருக்கிறது. பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு இலையை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வரும் வழியில் அதே வளாகத்தில் இருக்கிற நர்சரி கூட்டுறவுச் சங்கத்தில் கருவேப்பிலைக் கன்று வாங்கிக்கொள்ளலாம்.